வாவியின் கரை எங்கே இருக்கிறது? – ஜி.ஐ.எஸ். பாடத்தை நம் மண்ணில் வைத்து ஒரு வரலாறு

 

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் பிள்ளைகள் வருடா வருடம் ஒரே பாடத்தில்தான் தடுமாறுகிறார்கள். புவியியல் தகவல் முறைமை. ஜி.ஐ.எஸ். என்று சொன்னால் எல்லோருக்கும் விளங்கும். வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்து எழுதிவிடுகிறார்கள். "அப்படியென்றால் என்ன மகன்?" என்று கேட்டால் பதில் இல்லை. குறிப்புப் புத்தகங்களில் உள்ள உதாரணங்கள் எல்லாம் யாருடையதோ ஊர். நம்முடைய வாவி, நம்முடைய வயல், நம்முடைய வளவு அதில் இல்லை.

ஆகவே இந்தப் பாடத்தை மட்டக்களப்பு வாவிக்கரையில் வைத்தே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, காணி உறுதி ஒன்றை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் இதில் வேலை இருக்கிறது.

1) எழுவான்கரை, படுவான்கரை

நம் முன்னோரிடம் செய்மதி இருக்கவில்லை. ஆனால் இடத்தைச் சொல்ல ஒரு முறை இருந்தது. வாவிக்குக் கிழக்கே சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே சூரியன் படும் பக்கம் படுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் எழுவான்கரை. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி எல்லாம் படுவான்கரை. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியை நடுக்கோடாக வைத்து, ஒரு மாவட்டத்தையே இரண்டு சொல்லில் பிரித்துவிட்டார்கள்.

இதைத்தான் பாடத்தில் சார்பு அமைவிடம் என்கிறோம். ஒன்றை வைத்து மற்றொன்றைச் சொல்வது. "பள்ளிக்குப் பின்னால் மூன்றாவது வளவு" என்பதும் இதுதான். ஊருக்குள் இது போதும். ஊரை விட்டு வெளியே போனால் போதாது. "எந்தப் பள்ளி?" என்று கேட்பார்கள்.

அதற்குத்தான் தனி அமைவிடம். அகலாங்கும் நெட்டாங்கும். மட்டக்களப்பு நகரம் ஏறத்தாழ 7.7 பாகை வடக்கு, 81.7 பாகை கிழக்கு. உலகத்தில் எங்கிருந்து யார் கேட்டாலும் இந்த இரண்டு இலக்கமும் ஒரே இடத்தைத்தான் காட்டும்.

இடங்களை இலக்கமாக எழுதி வைப்பது நேற்று வந்த யோசனை அல்ல. கிரேக்கரான தொலமி செய்தார். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் இருந்த அல்-குவாரிஸ்மி, நூற்றுக்கணக்கான ஊர்களின் அகலாங்கு, நெட்டாங்குகளை அட்டவணையாகவே தொகுத்தார். அல்-பிரூனி 1025இல் முடித்த நூல் ஒன்றின் முக்கிய நோக்கமே, கஸ்னா நகரத்தின் ஆள்கூற்றைச் சரியாகக் கண்டு, அங்கிருந்து கிப்லாவின் திசையைக் கணக்கிடுவதுதான். நாம் பேச்சில் கிப்லாவை "மேற்கு" என்போம். ஆள்கூற்றை வைத்துக் கணக்குப் போட்டால், நம் பகுதியிலிருந்து மக்கா நேர் மேற்கில் இல்லை. மேற்கிலிருந்து ஏறத்தாழ 23 பாகை வடக்காகத் திரும்ப வேண்டும். இரண்டு இடத்தின் ஆள்கூறு தெரிந்தால், அவற்றுக்கிடையே உள்ள திசையும் தூரமும் கணக்கில் வந்துவிடும். ஜி.ஐ.எஸ். மென்பொருள் ஒவ்வொரு நொடியும் செய்வது இந்தக் கணக்கைத்தான்.

ஒரு சின்னக் குறிப்பு. பரீட்சைக்கும் வரும், வாழ்க்கைக்கும் வரும். ஒரு பாகை அகலாங்கு சுமார் 111 கிலோமீற்றர். எனவே தசமத்துக்குப் பின் மூன்று இலக்கம் எழுதினால் 100 மீற்றர் அளவுக்கு இடம் சொல்கிறோம். நான்கு எழுதினால் 10 மீற்றர். ஐந்து எழுதினால் ஒரு மீற்றர். வட்ஸ்அப்பில் வரும் இடக்குறியில் எத்தனை தசமம் இருக்கிறது என்று இனிப் பாருங்கள். ஆனால் தசமம் கூட இருப்பதால் மட்டும் அளவு திருத்தமாகிவிடாது. சாதாரணக் கைத்தொலைபேசி திறந்த வெளியிலேயே ஐந்து மீற்றர் அளவுக்கு முன்பின் ஆகும். பத்துப் பேர்ச் வளவுக்கு ஐந்து மீற்றர் என்பது வேலியைத் தூக்கிப் பக்கத்து வீட்டுக் குசினிக்குள் போடுகிற தூரம். போனைக் காட்டி எல்லைச் சண்டை பிடிப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

2) அளக்க வந்தவர்கள் ஏன் வந்தார்கள்?

இலங்கை நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி, ஆங்கில ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் காலத்தில் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய அரசுத் திணைக்களங்களில் ஒன்று. அதற்கு முன்பே போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் நம் கரையைப் படமாக வரைந்திருந்தார்கள். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்ததும், வாவியின் வாயைத் தெரிந்து வைத்திருந்ததால்தான். எந்த வழியால் தோணி போகும், எங்கே ஆழம், எங்கே மணல் என்று தெரியாமல் எந்தப் படையும் உள்ளே வராது.

ஆங்கிலேயர் காலத்தில் படம் இன்னொரு வேலைக்கும் தேவைப்பட்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். காடு, தரிசு, பயிரிடாத நிலம் எல்லாம், வேறு யாருக்கும் சொந்தம் என்று நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்றது அந்தச் சட்டம். நிரூபிக்க வேண்டியது யார்? நிலத்தை ஆண்டு அனுபவித்தவன். எதைக் காட்டி நிரூபிப்பது? எழுத்தையும் படத்தையும். தலைமுறை தலைமுறையாகச் சேனை செய்தவனிடம் இரண்டும் இல்லை. அளவுச் சங்கிலி அரசின் கையில் இருந்தது.

இதை ஏன் ஜி.ஐ.எஸ். பாடத்தில் சொல்கிறோம்? படம் என்பது நிலத்தின் நிழற்படம் அல்ல. யாரோ ஒருவர், ஏதோ ஒரு தேவைக்காக, எதைக் காட்டுவது, எதை விடுவது என்று முடிவு செய்து வரைந்தது. கணினிக்குள் போனாலும் அது மாறாது.

பின்னர் வந்தது ஒரு அங்குலப் படம். தரையில் ஒரு மைல், தாளில் ஒரு அங்குலம். அதாவது 1:63,360. நாடு முழுவதற்குமான இந்த இடவிளக்கப்பட அளவீடு 1897இல் தொடங்கி 1924இல் முடிந்தது. மொத்தம் 72 தாள்கள். நம் கல்லடிப் பாலம் கட்டப்பட்டதும் அதே 1924இல்தான். பின்னாளில் மெற்றிக் முறையில் 1:50,000 படங்கள் 92 தாள்களாக வந்தன.

இங்கே அளவுத்திட்டம் என்ற கருத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு அங்குலப் படத்தில் பென்சிலால் அரை மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு கோடு கீறினால், தரையில் அதன் அகலம் ஏறத்தாழ 32 மீற்றர். பத்துப் பேர்ச் வளவின் நீளமும் அகலமும் சராசரி 16 மீற்றர். அதாவது அந்தக் கோட்டுக்குள் ஒரு முழு வளவும் ஒளிந்துவிடும். கிராம எல்லையைக் காட்ட வரைந்த படத்தைக் கணினியில் பெருப்பித்துப் பார்த்து, "கோடு என் கிணற்றுக்கு இந்தப் பக்கம் போகிறது" என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. திரையில் பெருப்பிக்கலாம். அளவீட்டைப் பெருப்பிக்க முடியாது.

3) கந்தவளையிலிருந்து எண்ணுகிறோமா, வேறெங்கிருந்தா?

பூமி உருண்டை, தாள் தட்டை. தோடம்பழத் தோலை உரித்து மேசையில் விரித்துப் பாருங்கள், எங்காவது கிழியும். கிழியாமல் விரிக்கச் செய்யும் கணக்குத்தான் எறியம். எந்த எறியமும் எதையாவது விட்டுக்கொடுக்கும். பரப்பு, வடிவம், தூரம், திசை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற முடியாது.

இலங்கைக்குப் பயன்படுவது குறுக்கு மேர்க்காட்டர் எறியம். அதன் மையம் நாட்டின் மிக உயரமான பீதுருதலாகலை மலை. ஆனால் அளவு எண்ணத் தொடங்கும் அடிப்படை, அதாவது தரவுத்தளம், நீர்கொழும்புப் பக்கத்தில் உள்ள கந்தவளை என்ற இடத்தை வைத்து அமைந்தது. பூமியின் வடிவத்துக்கு எவரெஸ்ட் என்பவர் இந்தியாவில் கணித்த 1830ஆம் ஆண்டு அளவைப் பயன்படுத்தினார்கள். எவரெஸ்ட் மலைக்குப் பெயர் கொடுத்த அதே ஜோர்ஜ் எவரெஸ்ட்தான். பிறகு ஜி.பி.எஸ். காலம் வந்ததும் 1999இல் புதிய தரவுத்தளம் ஒன்று நிறுவப்பட்டது.

இதில் பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இரண்டு விடயம்.

ஒன்று: பழைய கந்தவளை மெற்றிக் கட்டத்தில் பீதுருதலாகலைக்குக் கொடுத்த ஆள்கூறு கிழக்கு 200,000, வடக்கு 200,000 மீற்றர். 1999 கட்டத்தில் அதே இடத்துக்கு 500,000, 500,000. பழைய இலக்கத்தைப் புதிய கட்டம் என்று நினைத்துக் கணினிக்குள் போட்டால், நம் ஊர் 300 கிலோமீற்றர் மேற்கும் 300 கிலோமீற்றர் தெற்குமாக நகர்ந்து இந்து சமுத்திரத்தில் போய் விழும். இது நல்ல பிழை. பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இரண்டு: கந்தவளை அகலாங்கு, நெட்டாங்கை ஜி.பி.எஸ். அகலாங்கு, நெட்டாங்கு என்று நினைத்துப் போட்டால், நம் பகுதியில் புள்ளி ஏறத்தாழ 200 மீற்றர் மேற்கே தள்ளி விழும். இது கெட்ட பிழை. பார்த்தால் ஏறக்குறையச் சரிபோலவே இருக்கும். கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒன்றிரண்டு கிலோமீற்றர் அகலத்தில் வாழும் எழுவான்கரைச் சனங்களுக்கு 200 மீற்றர் என்பது சின்ன விடயமா? இந்த 200 என்ற இலக்கத்தை மனதில் வைத்திருங்கள். கீழே மீண்டும் வரும்.

4) படமும் தோம்பும்

ஒல்லாந்தர் காலத்தில் தோம்பு என்று ஒன்று இருந்தது. காணி யாருடையது, எவ்வளவு, என்ன பயிர், என்ன வரி என்று எழுதி வைத்த பதிவேடு. யாழ்ப்பாணம், கொழும்புத் தோம்புகள் இன்றைக்கும் ஆய்வாளர்கள் தேடி வாசிக்கும் ஆவணங்கள். தோம்பில் காணியின் விபரம் இருக்கும், உருவம் இருக்காது. படத்தில் உருவம் இருக்கும், விபரம் இருக்காது.

இரண்டையும் ஒரு கயிற்றால் கட்டினால் அதுதான் ஜி.ஐ.எஸ். கூகுள் படத்தைப் பார்ப்பது மட்டும் ஜி.ஐ.எஸ். ஆகாது. படத்தில் ஒரு வளவைத் தொட்டால் அதன் பதிவு திறக்க வேண்டும். பதிவில் "கிணறு உப்பானவை எவை?" என்று கேட்டால் அந்த வளவுகள் படத்தில் நிறம் மாற வேண்டும். இரண்டு பக்கமும் போய்வர முடிய வேண்டும்.

உருவங்களை மூன்று வகையில் சேமிக்கிறோம். கிணறு, பாடசாலை, பள்ளிவாசல், கோயில், மின்கம்பம் போன்றவை புள்ளி. கல்முனை வீதி, வாய்க்கால் போன்றவை கோடு. வயல், கிராம சேவகர் பிரிவு, வாவி போன்றவை பல்கோணி. இவை மூன்றும் சேர்ந்தது காவித் தரவு.

கயிறு எங்கே அறுகிறது தெரியுமா? பெயரில். நம் ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒரு விதமாகவும், சிங்களத்தில் ஒரு விதமாகவும், ஆங்கிலத்தில் நாலு விதமாகவும் எழுதுகிறார்கள். காத்தான்குடி என்பதை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாகப் பலகைகளில் பார்த்திருக்கிறோம்? மனிதனுக்கு எல்லாம் ஒரே ஊர். கணினிக்கு ஒரு எழுத்து மாறினால் வேறு ஊர். ஒரு பட்டியலில் இருக்கும் கிராமம் மற்றப் பட்டியலில் காணாமல் போகும். நிவாரணப் பட்டியல் என்றால் அந்தக் கிராமத்துக்கு அரிசி வராது. அதனால்தான் குடிசன மதிப்பீட்டில் ஊரைப் பெயரால் அல்லாமல் இலக்கத்தால் குறிக்கிறார்கள். மட்டக்களப்பு மாவட்டம் 51. அம்பாறை 52. திருகோணமலை 53. அதற்குக் கீழே பிரதேச செயலகப் பிரிவு, அதற்குக் கீழே கிராம சேவகர் பிரிவு என்று இலக்கம் நீளும். நம் மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள்.

எல்லையும் நிலையானதல்ல. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரியும் வரை, கல்முனையும் அக்கரைப்பற்றும் பொத்துவிலும் மட்டக்களப்பு மாவட்டம்தான். 1953 குடிசன மதிப்பீட்டில் உள்ள "மட்டக்களப்பு" வேறு, இன்றைய "மட்டக்களப்பு" வேறு. இரண்டு இலக்கத்தையும் அருகருகே வைத்துச் சமூகங்களின் விகிதம் கூடியது, குறைந்தது என்று முகநூலில் சண்டை பிடிக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எந்த ஆண்டின் எல்லை என்று கேட்காமல் எந்தப் புள்ளிவிபரத்தையும் ஒப்பிடக் கூடாது.

5) படைக்கு மேல் படை

1854இல் லண்டனில் சோஹோ பகுதியில் வாந்திபேதி பரவியது. ஜோன் ஸ்நோ என்ற வைத்தியர் இறந்தவர்களின் வீடுகளைத் தெருப்படத்தில் குறித்தார். தண்ணீர்ப் பம்பிகளையும் அதே படத்தில் குறித்தார். மரணங்கள் புரோட் வீதிப் பம்பியைச் சுற்றியே குவிந்திருந்தன. பக்கத்திலேயே சொந்தக் கிணறு வைத்திருந்த நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு அவ்வளவாகப் பாதிப்பு இல்லை. நோய் காற்றால் வருகிறது என்று உலகம் நம்பிய காலத்தில், தண்ணீரால் வருகிறது என்ற வாதத்துக்கு அந்தப் படம் பலம் கொடுத்தது. அந்தப் பம்பியின் கைபிடியைக் கழற்றினார்கள். வீடுகள் ஒரு படை, பம்பிகள் ஒரு படை, வீதிகள் ஒரு படை. மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தபோதுதான் உண்மை தெரிந்தது.

நூறு வருடம் கழித்து அதே வேலையைக் கணினிக்குக் கொடுத்தவர் ரொஜர் தொம்லின்சன். கென்யாவில் மரத்தோட்டம் அமைக்க இடம் தேடும் வேலையில், மண், சரிவு, வீதி என்று பல படங்களைக் கையால் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது கட்டுப்படியாகாத செலவு என்று கண்டார். 1960களில் கனடா அரசுக்காக அவர் உருவாக்கியதுதான் உலகின் முதல் ஜி.ஐ.எஸ். என்று பொதுவாக ஏற்கப்படுகிறது. அந்த மாபெரும் நாட்டின் நிலத்தைக் கணக்கெடுக்கக் கையால் செய்தால் ஆட்களும் காலமும் போதாது என்ற தேவைதான் அதைப் பிறப்பித்தது.

இன்று கியூஜிஐஎஸ் என்ற மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கி, வீட்டு மடிக்கணினியிலேயே இதைச் செய்யலாம். 2002இல் தொடங்கிய திறந்த மூல முயற்சி அது. வசதியில்லாத பாடசாலைக்கு இதைவிட நல்ல செய்தி வேறில்லை.

6) வாவியின் கரை எங்கே?

இப்போது தலைப்புக்கு வருவோம். வாவி ஒரு பல்கோணி என்றோம். அதன் விளிம்பு எது?

மாரி பிந்திய ஓகஸ்டில் போய்ப் பாருங்கள். பாலமீன்மடு முகத்துவாரத்தில் மணல் மூடியிருக்கும். தண்ணீர் வற்றி, கரையோரம் சேறாகக் கிடக்கும். வடகீழ்ப் பருவமழை கொட்டும் டிசம்பரில் போய்ப் பாருங்கள். படுவான்கரை வயலும் வாவியும் ஒன்றாகியிருக்கும். முகத்துவாரம் வெட்ட வேண்டும், வெட்ட வேண்டாம் என்ற வாதம் வருடா வருடம் எழும். வயல் மூழ்கினால் விவசாயிக்கு நட்டம். நேரமில்லாத நேரத்தில் வெட்டினால் மீனும் இறாலும் கடலுக்குப் போகும் என்று மீனவர் கவலை. 2011 ஜனவரி, பெப்ரவரி வெள்ளத்தை யாரும் மறக்கவில்லை.

ஆகவே வாவியின் கரை ஒரு கோடு அல்ல. ஒரு வருடத்துக்குள் முன்னும் பின்னும் நடக்கும் ஒரு பட்டி. எந்தத் திகதியில் எடுத்த கரை என்று எழுதாத படம் பாதிப் படம்தான். இதை மேலதிகத் தரவு என்கிறோம். யார் எடுத்தது, எப்போது எடுத்தது, எந்த அளவுத்திட்டம், எந்தத் தரவுத்தளம். உறுதியில் திகதியும் நொத்தாரிசின் கையெழுத்தும் இல்லாவிட்டால் ஏற்பீர்களா? படத்துக்கும் அதே நியாயம்தான்.

இந்த நகரும் கரையைப் பிடிக்கச் செய்மதிப் படம் உதவுகிறது. அது சின்னச் சின்னச் சதுரக் கட்டங்களால் ஆனது. இதுதான் கட்டத் தரவு. 1972இல் முதலாவது லான்ட்சாட் செய்மதி ஏவப்பட்டது. 2008 முதல் அதன் படங்கள் இலவசம். இன்றைய லான்ட்சாட் படத்தில் ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் ஏறத்தாழ 36 பேர்ச். நம் ஊரில் 36 பேர்ச்சில் நாலைந்து குடும்பம் இருக்கும். ஆகவே வீட்டை அதில் தேடாதீர்கள். வாவியின் தண்ணீர் எவ்வளவு பரந்தது, கண்டல் காடு எங்கே குறைந்தது, எத்தனை ஏக்கர் வயல் மூழ்கியது என்று கேளுங்கள், அது பதில் சொல்லும். ஐரோப்பாவின் சென்ரினல் 2 படத்தில் ஒரு கட்டம் 10 மீற்றர், நாலு பேர்ச். அதுவும் இலவசம்.

தூரம் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரையம்பதியிலிருந்து எதிரே படுவான்கரை கண்ணுக்குத் தெரியும். கோட்டுத் தூரம் கொஞ்சம். ஆனால் 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை, ஒன்றில் துறையில் காத்திருக்க வேண்டும், அல்லது நகரம் சுற்றிப் போக வேண்டும். "ஐந்து கிலோமீற்றருக்குள் வைத்தியசாலை உண்டு" என்று கணினி வட்டம் கீறிச் சொல்லும். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணுக்கு வட்டத்தால் போக முடியாது, வீதியால்தான் போக வேண்டும். வாவியுள்ள ஊரில் நேர்கோட்டுத் தூரத்தை வைத்துத் திட்டம் போடுகிறவர் அந்த ஊரைப் பார்க்காதவர்.

7) இருநூறு மீற்றர்

2004 டிசம்பர் 26. அதிகம் எழுதத் தேவையில்லை. நாவலடி, கல்லடி, காத்தான்குடி, கல்லாறு, மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது. இலங்கையில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்கள். மாவட்டங்களில் மிக அதிகம் அம்பாறையில். தமிழர், முஸ்லிம் என்று கடல் பிரித்துப் பார்க்கவில்லை.

2005இல் அரசு தடை வலயம் ஒன்றை அறிவித்தது. கடலிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர்.

ஜி.ஐ.எஸ். பாடத்தில் இதற்கு இடைவலயம் என்று பெயர். கணினியில் இரண்டு அழுத்து. கரைக்கோட்டைத் தெரிவு செய், 200 என்று எழுது, பட்டி வந்துவிடும். அவ்வளவு லேசு. ஆனால் அந்தப் பட்டிக்குள் யார் இருந்தார்கள்? மீன்பிடித் தோணியைக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் வைத்திருக்க வேண்டியவர்கள். மகளுக்குச் சீதன வீடு கட்ட ஐந்து பேர்ச் வாங்கி வைத்தவர்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் நெருக்கமாக வாழும் ஊரில், 200 மீற்றரை எடுத்துவிட்டால் அவர்களை எங்கே வைப்பது? மேற்கே நகர்த்தினால் வாவி. உள்ளே நகர்த்தினால் அடுத்த சமூகத்தின் காணி. மாற்றுக் காணி தேடிய இடங்களில் புதிய மனக்கசப்புகள் வந்ததை நாம் எல்லோரும் அறிவோம். பிறகு 2005 இறுதியிலும் 2006லும் அந்தத் தூரம் தளர்த்தப்பட்டது. அதற்குள் சிலர் காணியை விட்டுப் போயிருந்தார்கள், சிலர் முகாமிலேயே காத்திருந்தார்கள்.

இப்போது மேலே சொன்ன 200ஐ நினையுங்கள். தரவுத்தளத்தை மாறிப் போட்டால் வரும் பிழையும் 200 மீற்றர் அளவு. வலயத்தின் முழு அகலம் எவ்வளவோ, ஒரு அமைப்புப் பிழையின் அளவும் அவ்வளவு. இன்னொரு கேள்வியும் உண்டு. 200 மீற்றர் எங்கிருந்து? அலை அடிக்கும் கோடு காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம். ஒரே தூரத்தை எல்லா இடத்துக்கும் வைப்பதா, தரையின் உயரத்தைப் பார்ப்பதா? சில இடத்தில் மணல்மேடு ஊரைக் காப்பாற்றியது, சில இடத்தில் முகத்துவாரத்தால் தண்ணீர் உள்ளே நுழைந்தது. உயரம், மணல்மேடு, வாய்க்கால், சன நெருக்கம் என்று நாலு படையை ஒன்றாக வைத்துப் பார்த்தால் நேர்ப்பட்டி வராது. வளைந்து நெளிந்த, ஆனால் நியாயமான ஒரு வலயம் வரும். கருவி இருந்தது. கேள்வி கேட்க நம்மில் ஆட்கள் இருக்கவில்லை.

8) நம்மைப் பற்றிய படம்

2012, 2013 காலத்தில் உலக வங்கியின் திறந்த நகரங்கள் திட்டத்துக்கு மூன்று இடங்கள் எடுக்கப்பட்டன. நேபாளத்தில் காத்மண்டு, பங்களாதேசில் டாக்கா, இலங்கையில் மட்டக்களப்பு. மண்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரிவில் சுமார் 30,000 கட்டடங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மப் என்ற திறந்த உலகப் படத்தில் ஏற்றப்பட்டன. அனர்த்த முகாமைத்துவ நிலையமும் இதில் சேர்ந்திருந்தது. முதலில் செய்மதிப் படத்தைப் பார்த்துக் கூரைகளை வரைந்தார்கள். பிறகு தெருவில் இறங்கி, எத்தனை மாடி, என்ன சுவர், என்ன கூரை, வீடா கடையா பாடசாலையா என்று எழுதினார்கள். படமும் தோம்பும் சேர்ந்தது. வெள்ளமோ சூறாவளியோ வந்தால் யாருக்கு முதலில் ஆபத்து என்று கேட்க ஓர் அடிப்படை கிடைத்தது. 1978 நவம்பர் சூறாவளியைப் பார்த்த மூத்தவர்களுக்கு இதன் பெறுமதி தெரியும்.

இந்தப் படத்தில் நம் பிள்ளைகளும் கணக்குத் திறந்து சேர்க்கலாம், திருத்தலாம். ஊர் வீதிப் பெயரைத் தமிழில் எழுதலாம். பாடசாலை, குடிநீர்க் கிணறு, வெள்ளக் காலத்தில் ஆட்கள் தங்கும் கட்டடம், எல்லாவற்றையும் குறிக்கலாம். ஆட்களின் பெயரும் தனிப்பட்ட விபரமும் மட்டும் அதில் போடக் கூடாது.

9) ஏன் இவ்வளவும் எழுதினோம்?

1990க்குப் பிறகு வாவியின் இரண்டு கரையிலும் சனங்கள் இடம்பெயர்ந்தார்கள். முஸ்லிம்கள் போக முடியாமல் விட்ட வயல்கள் உண்டு. தமிழர்கள் ஓடி விட்டு வந்த வளவுகளும் உண்டு. உறுதி எரிந்தவர் உண்டு. அனுமதிப்பத்திரம் வெள்ளத்திலும் சுனாமியிலும் போனவர் உண்டு. ஒரே காணிக்கு இரண்டு பேரிடம் இரண்டு கடதாசி இருக்கும் கதையும் உண்டு. பிரதேச எல்லை எங்கே என்ற பிரச்சினை இன்றைக்கும் கூட்டங்களில் சத்தமாக முடிகிறது.

ஜி.ஐ.எஸ். இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று சொல்ல மாட்டோம். காணிப் பிணக்கு அடிப்படையில் நீதியின் கேள்வி, கணினியின் கேள்வி அல்ல. ஆனால் இரண்டு தரப்பும் ஒரே படத்தை மேசையில் விரித்து, இது எந்த ஆண்டுப் படம், எந்த அளவுத்திட்டம், எந்தத் தரவுத்தளம், யார் அளந்தது என்று கேட்கத் தெரிந்திருந்தால், பேச்சு வேறு விதமாகப் போகும். "எங்கட காணி" என்ற சத்தத்துக்குப் பதிலாக "இந்த மூலைக்கல் எங்கே?" என்ற கேள்வி வரும். மூலைக்கல்லைத் தேடுவதற்கு இரண்டு பேரும் சேர்ந்து நடக்க வேண்டும்.

அடுத்த வலயத்தை யாரோ கீறத்தான் போகிறார்கள். கடல் மட்டம் உயர்வதாலோ, சுற்றுலாத் திட்டத்தாலோ, வனப் பாதுகாப்பாலோ. அந்த நாளில் எழுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளையும் படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளையும் அந்தக் கோப்பைத் திறந்து, படை படையாகப் பிரித்து, "இந்த இடத்தில் கோடு பிழை, காரணம் இது" என்று எழுத்தில் சொல்லத் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். எங்கள் ஆசை அவ்வளவுதான்.

உயர்தரப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டு வேலை: உங்கள் கிராம சேவகர் பிரிவை ஒரு தாளில் வரையுங்கள். கிணறுகள் புள்ளி, வீதிகள் கோடு, வளவுகள் பல்கோணி. பக்கத்தில் அட்டவணை ஒன்று போட்டு, ஒவ்வொரு கிணற்றுக்கும் ஆழமும் உப்பா நன்னீரா என்பதும் எழுதுங்கள். கீழே திகதியும், எப்படி அளந்தீர்கள் என்பதும் எழுதுங்கள். கணினி தேவையில்லை. அந்தத் தாளில் ஜி.ஐ.எஸ். இருக்கிறது. அடுத்த பதிவில் அதைக் கியூஜிஐஎஸ்ஸில் ஏற்றுவது எப்படி என்று பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.

பயன் என்று நினைத்தால் பிள்ளைகளுக்கு அனுப்புங்கள். கேள்விகளைக் கீழே எழுதுங்கள்.